பிளாஸ்மா முதலில், லென்ஸ் அப்புறம்: ஐசிபி-எம்எஸ் கருவியில் அயனி உள்ளிழுப்பைச் சரிசெய்யும் முறை

ஐசிபி-எம்எஸ், மாதிரியிலுள்ள தனிமங்களைச் சூடான பிளாஸ்மாவில் அயனியாக்கி, நிறைவாரியாக எண்ணும் கருவி. அதில் அயனி எண்ணிக்கை குறைந்தால் பலரும் முதலில் கை வைப்பது லென்ஸ் மின்னழுத்தத்தில்தான். ஆட்டோடியூனை (கருவியின் தானியங்கிச் சரிசெய்தலை) ஓட்டுவார்கள், இண்டியம் எண்ணிக்கை ஏறும், மாதிரிகளை வரிசையில் வைப்பார்கள். உப்பு மிகுந்த முதல் மாதிரியிலேயே ஆர்சனிக் மீட்பு (உண்மையில் இருப்பதில் கருவி காட்டும் பங்கு) சரிந்துவிடும். ஆக்சைடு குறுக்கீட்டால் காட்மியம் கூடுதலாகத் தெரியும். லென்ஸால் தன்னிடம் வந்து சேர்ந்த அயனிகளைக் குவிக்கத்தான் முடியும். எவை அயனியாக வர வேண்டும், எவை ஆக்சைடாக வர வேண்டும், எவை அணுவாகவே நின்றுவிட வேண்டும் என்பதெல்லாம் அதற்கு முன்பே, பிளாஸ்மா எரியும் டார்ச்சுக்கும், அயனிகளை உள்ளே இழுக்கும் துளையுள்ள சாம்ப்ளர் கோனுக்கும் இடையிலுள்ள சில மில்லிமீட்டரில் முடிவாகிவிடுகிறது. அதனால் பிளாஸ்மாவை முதலில் நிலைநிறுத்த வேண்டும். லென்ஸை அதற்குப் பின்னால் தொட வேண்டும். வரிசை மாறினால் செய்த டியூனிங் வீண்.

இங்கே சொல்வது ஆர்கான் பிளாஸ்மாவும், அயனிகளை நிறைவாரியாகப் பிரிக்கும் குவாட்ரூபோல் பகுப்பானும் கொண்ட வழக்கமான கருவிக்கு. கருவிக்குக் கருவி எண்கள் சற்று மாறும், காரணங்கள் மாறாது.

கோனுக்கு முன்னால் நடப்பது

நெபுலைசர் தரும் தூவானத் துளி, டார்ச்சின் நடுக்குழாய் வழியே பிளாஸ்மாவுக்குள் போனதும் நீர் ஆவியாகி, உலர்ந்த துகளாகி, துகள் ஆவியாகி, மூலக்கூறு உடைந்து அணுவாகி, அணு ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது. இவ்வளவுக்கும் கிடைக்கும் நேரம் இரண்டொரு மில்லிநொடி. கோன் துளை இந்தப் பயணத்தின் எந்தக் கட்டத்தில் குறுக்கிடுகிறது என்பதே அயனி உள்ளிழுப்பின் சாரம். சீக்கிரம் குறுக்கிட்டால் உடையாத ஆக்சைடும் ஆவியாகாத துளியும் உள்ளே போகும். தாமதமாகக் குறுக்கிட்டால் அயனிகள் பக்கவாட்டில் பரவிவிட்டிருக்கும். எடை குறைந்த லித்தியம், பெரிலியம், போரான் ஆகியவை அதிகமாகப் பரவும்.

வெப்பநிலையின் பங்கை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஆர்கானின் அயனியாக்க ஆற்றல் 15.76 எலக்ட்ரான் வோல்ட். பெரும்பாலான தனிமங்களுக்கு அது 10-க்கும் கீழே இருப்பதால்தான் ஆர்கான் பிளாஸ்மா இத்தனை தனிமங்களுக்கும் பொதுவாகப் பயன்படுகிறது. அயனியாக்க வெப்பநிலையை 7500 கெல்வின், எலக்ட்ரான் அடர்த்தியைக் கனசென்டிமீட்டருக்கு 10¹⁵ என்று வைத்து அயனியாகும் பங்கைக் கணிக்கும் சாகா சமன்பாட்டில் போட்டால், சீசியமும் சோடியமும் ஏறக்குறைய முழுதும் அயனியாகின்றன. காட்மியம் சுமார் 85 சதவீதம், துத்தநாகம் 75, ஆர்சனிக் 52, பாதரசம் 38, செலினியம் 33, கந்தகம் 14 சதவீதம்தான் அயனியாகின்றன. எலக்ட்ரான் அடர்த்தியை மாற்றாமல் வெப்பநிலையை மட்டும் 6500-க்கு இறக்கிப் பாருங்கள்: ஆர்சனிக் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், பேரியம் அசையாது. உண்மையான பிளாஸ்மா குளிரும்போது எலக்ட்ரான் அடர்த்தியும் சேர்ந்து குறைவதால் வீழ்ச்சி இந்த அளவுக்குக் கூர்மையாக இருக்காது, ஆனால் திசை இதுவே. உப்பு மாதிரி நடுத்தடத்தை (பிளாஸ்மாவின் நடுவே மாதிரி போகும் பாதையை) சற்றுக் குளிர்வித்தாலே ஆர்சனிக், செலினியம், பாதரசம், துத்தநாகம் முதலில் அடிபடுவதற்குக் காரணம் இது. இண்டியத்தை மட்டும் பார்த்து டியூன் செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. இண்டியத்தின் அயனியாக்க ஆற்றல் 5.79 எலக்ட்ரான் வோல்ட்தான்.

எனவே நடுத்தடத்தின் சூட்டைக் காட்டும் அளவுகோல் தேவை. அதற்குத்தான் சீரியம். சீரியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு மிக வலுவானது, 8 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேலே. அதுவே உடைகிறதென்றால் மற்ற பெரும்பாலான ஆக்சைடுகளும் உடையும். நிறை 156-இல் வரும் சீரியம் ஆக்சைடை நிறை 140-இல் வரும் சீரியத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம்தான் பிளாஸ்மாவின் வெப்பமானி. எதிர்முனையைக் காவல் காப்பது இரட்டை மின்னூட்ட அயனி: பேரியத்துக்கு நிறை 69, சீரியத்துக்கு 70. பேரியத்தின் இரண்டாவது அயனியாக்க ஆற்றல் 10.0 எலக்ட்ரான் வோல்ட்தான் என்பதால் சூடு ஏறினால் அது எளிதாக இன்னோர் எலக்ட்ரானை இழக்கும்.

நம் கையில் இருக்கும் கட்டுப்பாடுகள் நான்கு: பிளாஸ்மாவை எரிக்கும் ஆர்எஃப் (ரேடியோ அலை) திறன், நெபுலைசர் வாயுவின் ஓட்டம், சாம்ப்ளிங் ஆழம், பிளாஸ்மாவுக்குள் போகும் நீரின் அளவு. இவற்றில் நெபுலைசர் வாயு மிகக் கூர்மையானது. நிமிடத்துக்கு 0.02 லிட்டர் மாற்றினாலே ஆக்சைடு விகிதம் கண்கூடாக நகரும். அதைக் கூட்டினால் நடுத்தடம் வேகம் கூடிக் குளிர்கிறது. ஆக்சைடு ஏறும், இரட்டை மின்னூட்டம் இறங்கும். திறனைக் கூட்டினால் நேர்மாறு. ஆழத்தைக் கூட்டினால், அதாவது டார்ச்சைக் கோனிலிருந்து பின்னுக்கு இழுத்தால், ஆக்சைடு இறங்கும், உணர்திறனும் இறங்கும், கோனில் உப்பு படிவதும் குறையும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் இட்ரியம் கரைசலை உறிஞ்சவிட்டு, கருவியின் பாதுகாப்புச் சாளரம் வழியாகப் பாருங்கள். வேறு எந்த வழியாகவும் பார்க்க வேண்டாம். புறஊதா ஒளி கண்ணைக் கெடுக்கும். டார்ச்சைச் சுற்றியுள்ள ஆர்எஃப் சுருளின் அருகே சிவப்பு நாக்கு தெரியும். அது இட்ரியம் ஆக்சைடின் ஒளி. அதற்கு முன்னால் நீல நிறம். அது இட்ரியம் அயனி. நெபுலைசர் வாயுவைக் கூட்டக் கூட்டச் சிவப்பு நாக்கின் நுனி கோனை நோக்கி நீளும். நுனிக்கும் கோனுக்கும் நடுவே தெளிவான நீலப் பகுதி இருக்க வேண்டும். புதிதாகக் கருவியில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது இதைக் காட்ட வேண்டும். எண்ணாக மட்டும் படித்த ஆக்சைடு விகிதம் அதற்குப் பிறகுதான் மனதில் நிற்கும். கோன்களைக் கழற்றிச் சுத்தம் செய்யப் போகும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இட்ரியத்தை உள்தரமாக (எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுத் தனிமமாக) பயன்படுத்தும் ஆய்வகத்தில் இந்தச் செறிவின் எச்சம் நாள்கணக்கில் தங்கி அளவீடுகளில் தெரியும்.

துளைக்குள் நடப்பது

1980-இல் ஹூக், ஃபாசல், கிரே முதலியோர் அயோவாவின் ஏம்ஸ் ஆய்வகத்திலிருந்து இந்த முறையை முதன்முதலாக வெளியிட்டபோது சாம்ப்ளர் துளை சில பத்து மைக்ரான் அகலமே. அவ்வளவு சிறிய துளைக்கு முன்னால் குளிர்ந்த எல்லைப்படலம் ஒன்று மூடிக்கொண்டிருக்கும், பிளாஸ்மாவைவிட அந்தப் படலத்தில் உருவான ஆக்சைடுகளே உள்ளே போயின, துளையும் அடைத்தது. துளையை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக்கி, படலத்தைத் துளைத்துப் பிளாஸ்மாவை நேரடியாக இழுத்த பிறகே இது அன்றாடக் கருவி ஆயிற்று. இன்றும் உப்பு படிந்து துளை சுருங்கும்போது அந்தப் பழைய சிக்கல் சிறிய அளவில் திரும்ப வருகிறது.

1 மி.மீ. துளை 5000 கெல்வின் வாயுவிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 10²¹ அணுக்களை இழுக்கிறது. சாதாரண நிலையில் அது நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர் ஆர்கான். நெபுலைசர் வாயு 1 லிட்டர்தான். அதாவது டார்ச் கோனுக்கு நேராக இருந்தால் நடுத்தடம் முழுவதையும் கோன் விழுங்கி, சுற்றியுள்ள வாயுவிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. டார்ச் கிடைமட்டத்திலோ செங்குத்திலோ விலகியிருந்தால் மாதிரியின் ஒரு பகுதி கோனுக்கு வெளியே வழிந்துபோகும். டார்ச் நிலையை ஒவ்வொரு முறை டார்ச் கழற்றிய பின்னும் சரிபார்க்கச் சொல்வது அதனால்தான்.

துளையைத் தாண்டிய வாயு ஒலியைவிட வேகமாக விரிகிறது. அந்த விரிவு ஓரிடத்தில் மாக் வட்டு என்ற அதிர்ச்சி அலையில் முடிகிறது. வட்டுக்கு முன்னால் உள்ள பகுதியில் அணுக்கள் ஒன்றோடொன்று அநேகமாக மோதாமல் போகும். இரண்டாவது கோனான ஸ்கிம்மரின் நுனி அதற்குள் இருக்க வேண்டும். துளையிலிருந்து வட்டு வரையிலான தூரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில் இருப்பது நல்லது. வட்டின் தூரம் = 0.67 × துளையின் விட்டம் × √(வெளி அழுத்தம் ÷ இடைமுக அழுத்தம்). இடைமுகம் என்பது இரண்டு கோன்களுக்கும் இடையிலுள்ள இடம். துளை 1 மி.மீ., இடைமுக அழுத்தம் 2 மில்லிபார் என்றால் வட்டு 15 மி.மீ. தொலைவில், 4 மில்லிபார் என்றால் 10.7 மி.மீ.

இந்தச் சூத்திரத்தில் பயனுள்ள ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. துளை அரித்துப் பெரிதானால் வாயு ஓட்டம் விட்டத்தின் வர்க்கத்தில் கூடும். பம்ப் வேகம் மாறாவிட்டால் இடைமுக அழுத்தமும் அதே அளவு கூடும். விட்டமும் அழுத்தமும் ஒன்றையொன்று ஈடுசெய்து வட்டு அதே இடத்தில் நின்றுவிடும். ஆனால் இடைமுகத்தின் வாயுவை வெளியேற்றும் ரஃபிங் பம்ப் சோர்ந்து அழுத்தம் கூடினால் வட்டு ஸ்கிம்மரை நோக்கி நெருங்கும், அப்போது உணர்திறன் விழும். திரையில் இரண்டும் ஒரே எண்ணாகத் தெரியும். ஆகவே இடைமுக அழுத்தம் ஏறியிருந்தால் உடனே கோன் வாங்க ஆர்டர் போடாதீர்கள். பம்ப் எண்ணெயின் நிறத்தையும் மட்டத்தையும் முதலில் பாருங்கள், பிறகு துளையை 10 மடங்கு லூப் வழியே பாருங்கள். அழுத்தம் வழக்கத்தைவிட இறங்கியிருந்தால் துளை அடைத்துக்கொண்டிருக்கிறது. புதுக் கோன் போட்ட அன்று, பிளாஸ்மா எரியும்போது உள்ள அழுத்தத்தைக் கருவியின் நோட்டில் எழுதி வைத்தால்தான் இந்த ஒப்பீடு சாத்தியம். பிளாஸ்மா எரியாத நிலையின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது: குளிர்ந்த ஆர்கான் அடர்த்தியானது, துளை வழியே ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகப் போகும்.

அடுத்தது வேகம். விரிவின் முடிவில் எல்லா அயனிகளும் ஆர்கானோடு ஒரே வேகத்தில், நொடிக்கு சுமார் 2300 மீட்டரில் போகின்றன. வேகம் ஒன்றென்றால் ஆற்றல் நிறைக்கேற்ப மாறும்: 5000 கெல்வினில் லித்தியத்துக்கு 0.2, ஆர்கானுக்கு 1.1, யுரேனியத்துக்கு 6.4 எலக்ட்ரான் வோல்ட். இதன் மேல் பிளாஸ்மாவின் மின்னழுத்தமும் சேரும். வாயு வெப்பநிலை 6000-க்கு ஏறினால் யுரேனியத்தின் ஆற்றல் 7.7 ஆகிறது. லென்ஸ்கள் இந்த ஆற்றலுக்கேற்பக் குவிப்பவை. பிளாஸ்மாவை மாற்றினால் லென்ஸின் உகந்த புள்ளியும் நகர்ந்தே தீரும். பிளாஸ்மாவைத் தொட்டபின் லென்ஸை மறுபடி பார்க்காமல் விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஸ்கிம்மருக்குப் பின்னால் எலக்ட்ரான்கள் சிதறிப்போக, நேர் அயனிகள் மட்டும் ஒரு கற்றையாக மிஞ்சி ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஆற்றல் மிகுந்த கனமான அயனி நடுவில் தாக்குப்பிடிக்கும். லேசானது ஓரத்துக்கு எறியப்படும். இதுதான் வெளி மின்னூட்ட (ஸ்பேஸ் சார்ஜ்) விளைவு. காரீயமோ யுரேனியமோ நிறைந்த மாதிரியில் லித்தியமும் பெரிலியமும் நசுங்கிப்போவது இதனால். பிளாஸ்மாவைச் சூடாக வைப்பதால் இது தீராது. உள்ளே போகும் மொத்த அயனிகளைக் குறைப்பதுதான் வழி, அதாவது நீர்க்கச் செய்வதும், ஆர்கானால் தூவானத்தை நீர்க்கச் செய்வதும்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆர்கான் குறைந்தது 99.995 சதவீதத் தூய்மை. கருவி நிமிடத்துக்குச் சுமார் 18 லிட்டர் குடிக்கும். 7 கனமீட்டர் சிலிண்டர் ஒன்று ஆறரை மணி நேரம்கூட முழுதாக வராது. நடுவில் அழுத்தம் விழுந்து பிளாஸ்மா அணைந்தால் அன்றைய டியூனிங்கும் போயிற்று. நீண்ட வரிசை ஓட்டுபவர்கள் திரவ ஆர்கான் கலனையோ, தானாக மாறும் இணைப்பையோ வைத்துக்கொள்வது நல்லது.

கோன்களை நுனியில் விரல் படாமல் எடுங்கள். நிக்கல் கோன் என்றால் தூய நீரிலோ, மிதமான ஆய்வகச் சோப்புக் கரைசலிலோ அல்ட்ராசோனிக் குளியலில் ஐந்து நிமிடம். பிடிவாதமான படிவுக்கு மட்டும் 1 முதல் 2 சதவீத நைட்ரிக் அமிலம், அதுவும் சுருக்கமாக. அமிலத்தில் ஊறப்போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்; நிக்கல் கரையும். பிறகு தூய நீரில் அலசி நன்றாக உலர்த்துங்கள். துளையின் விளிம்பு வட்டமாக, கூர்மையாக இருக்க வேண்டும். ஸ்கிம்மரின் நுனியில் ஒரு சிறு நெளிவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

தூவானத்தின் பெரிய துளிகளை வடிகட்டும் ஸ்பிரே சேம்பரின் பெல்ட்டியர் (மின்) குளிர்விப்பான் 2 டிகிரி செல்சியசில் நிற்கிறதா பாருங்கள். நீராவியின் சுமை குறைந்தால்தான் ஆக்சைடு குறையும். இது செயலிழந்தால் வேறு எந்தக் கட்டுப்பாட்டாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் குளிர்ந்த சேம்பரின் வெளிப்புறத்தில் நீர் திரண்டு இணைப்புகளில் இறங்கும். அறையின் குளிர்சாதனம் நின்றிருந்த இரவுக்குப் பிறகு துடைத்துவிட்டே பற்றவையுங்கள். சேம்பருக்கும் டார்ச்சுக்கும் இடையிலுள்ள ஓ-ரிங்குகள், கழிவுக் குழாய் ஆகியவற்றில் காற்று கசிந்தால் அந்த ஆக்சிஜன் நேரே நடுத்தடத்துக்குப் போகும்.

ஷீல்டு டார்ச் உள்ள கருவியில், ஷீல்டின் தொடர்பு சுத்தமாக இருக்க வேண்டும். ஆர்எஃப் சுருளுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே மின்தேக்க இணைப்பால் வரும் மின்னழுத்தத்தை அது நிலத்துக்கு வடியச் செய்கிறது. தொடர்பு விட்டுப்போனால் கோன் நுனியில் இரண்டாம் மின்னிறக்கம் தோன்றும்: கோன் வேகமாக அரிக்கும், இரட்டை மின்னூட்டம் ஏறும், அயனிகளின் ஆற்றல் பரவும்.

டியூனிங் வரிசை

1. பிளாஸ்மாவைப் பற்றவைத்து 20 முதல் 30 நிமிடம் 1 அல்லது 2 சதவீத நைட்ரிக் அமிலத்தை ஓடவிடுங்கள். டார்ச் பெட்டியும் ஆர்எஃப் பகுதியும் கோன்களும் சூடேறி நிலைபெற இந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டால் டியூன் செய்த புள்ளி ஒரு மணி நேரத்தில் நகர்ந்திருக்கும்.

2. செல் வாயுவை, அதாவது லென்ஸுக்குப் பின்னால் குறுக்கீட்டு அயனிகளை வடிகட்டும் மோதல் அறையின் வாயுவை, முழுதாக நிறுத்துங்கள். ஹீலியம் ஓடும்போது பார்க்கும் ஆக்சைடு விகிதம் பிளாஸ்மாவைச் சொல்லாது. பருமனான மூலக்கூறு அயனிகளைச் செல் வடிகட்டிவிடுவதால் எண் பொய்யாக அழகாக இருக்கும்.

3. தொடக்க அமைப்பு: 1550 வாட், பிளாஸ்மா வாயு நிமிடத்துக்கு 15 லிட்டர், துணை வாயு 0.9 முதல் 1.0, நெபுலைசர் வாயு மொத்தம் 1.05, ஆழம் 8 முதல் 10 மி.மீ. ஆழம் மாற்ற முடியாத கருவியில் அதை விட்டுவிடுங்கள். பெரிஸ்டால்டிக் பம்ப் நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிலிட்டர் தர வேண்டும்.

4. லித்தியம், கோபால்ட், இட்ரியம் அல்லது இண்டியம், பேரியம், சீரியம், தாலியம் அல்லது யுரேனியம் ஒவ்வொன்றும் 1 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கொண்ட கரைசலைக் கொடுங்கள். முதலில் வெற்றுக் கரைசலில் 69, 70, 156 ஆகிய நிறைகளின் பின்னணியைப் பதிந்து கழித்துவிடுங்கள். 70-இல் துத்தநாகமும் ஜெர்மானியமும், 69-இல் காலியமும், 156-இல் கடோலினியமும் வந்து ஏமாற்றும். உணர்திறன் மிகுந்த கருவியில் சீரியம்-140 பல்ஸ் எண்ணிக்கையின் எல்லையைத் தாண்டினால் விகிதம் தவறும், கரைசலை நீர்த்துக்கொள்ளுங்கள்.

5. டார்ச்சின் கிடைமட்ட, செங்குத்து நிலைகளை இண்டியத்தின் உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

6. இனி முக்கியமான வேலை. நெபுலைசர் வாயுவை 0.80-இலிருந்து 1.20 வரை 0.02 லிட்டர் படிகளில் ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் அரை நிமிடம் பொறுத்து எல்லா நிறைகளையும் இரண்டு விகிதங்களையும் பதிந்து ஒரே வரைபடத்தில் போடுங்கள். லித்தியம், இண்டியம், யுரேனியம் மூன்றின் உச்சமும் ஒரே இடத்தில் விழாது. ஆக்சைடு விகிதம் தொடக்கத்தில் தட்டையாகப் போய், ஒரு புள்ளிக்குப் பின் செங்குத்தாக ஏறும். அந்த வளைவு தொடங்குமிடமே நீங்கள் தேடுவது. இண்டியத்தின் உச்சம் பெரும்பாலும் அந்த ஏற்றத்தின் மேல்தான் இருக்கும். அதில் போய் உட்காராதீர்கள். அங்கே நின்றால் மாதிரியின் சிறு மாற்றமும் பெரிய மாற்றமாகத் தெரியும்.

7. நீர், இரத்தம், செரிமானம் செய்த உணவு போன்ற பொது வேலைக்குச் சீரியம் ஆக்சைடு 2 சதவீதத்துக்குக் கீழேயும், உப்பு மிகுந்த மாதிரிக்கு 1 சதவீதம் அளவிலும், இரட்டை மின்னூட்டம் 3 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்கட்டும். இதற்காக விட்டுக்கொடுக்கும் எண்ணிக்கை நியாயமான விலை. இரட்டை மின்னூட்ட விகிதத்தைக் கருவிக்குக் கருவி ஒப்பிட வேண்டாம்: நிறை 70-ஐயும் 140-ஐயும் ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு திறனில் கடத்துகிறது. உங்கள் கருவியின் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

8. இப்போதுதான் லென்ஸ். லித்தியம், இண்டியம், யுரேனியம் மூன்றையும் சேர்த்துச் சமநிலை பாருங்கள். ஒன்றின் உச்சத்துக்காக மற்றதைப் பலியிடாதீர்கள். முடிந்ததும் இரண்டு விகிதங்களையும் மறுபடி அளவிடுங்கள்.

9. உங்கள் உண்மையான மாதிரியைப் போன்ற கரைசலால் சோதியுங்கள். லிட்டருக்கு 1 கிராம் சோடியம் குளோரைடு சேர்த்த கரைசலில் 5 பிபிபி ஆர்சனிக், செலினியம், காட்மியம், காரீயம் வைத்து மீட்பைப் பாருங்கள். இங்கே ஆர்சனிக்கை நிறை 75-இல் செல்லில் ஹீலியத்தோடு பாருங்கள், இல்லையென்றால் ஆர்கான் குளோரைடு அதே நிறையில் வந்து மீட்பை உயர்த்திக் காட்டும். காரீயம் சரியாக இருந்து ஆர்சனிக், செலினியம் மட்டும் சரிந்தால் நடுத்தடம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது: நெபுலைசர் வாயுவை 0.03 லிட்டர் குறைத்து ஆறாம் படிக்குத் திரும்புங்கள். எல்லாம் ஒரே அளவில் சரிந்தால் பிளாஸ்மாவைக் குறை சொல்ல வேண்டாம். நெபுலைசரையும் பம்ப் குழாயையும் பாருங்கள்.

உள்தரத்தின் தேர்வும் இதோடு சேர்ந்ததுதான். நிறை அருகில் இருந்தால் போதும் என்று ஆர்சனிக்குக்கு இட்ரியத்தைப் போடுபவர்கள் பலர். இட்ரியத்தின் அயனியாக்க ஆற்றல் 6.2, ஆர்சனிக்குடையது 9.8, பிளாஸ்மா குளிரும்போது இரண்டும் சேர்ந்து நகராது. ஜெர்மானியம் 7.9, டெல்லூரியம் 9.0 என்பதால் அவை இன்னும் பொருத்தம். கரைசலில் கார்பன் இருந்தால் ஆர்சனிக்கும் செலினியமும் தனியாக உயர்வதும் உண்டு. கார்பன் அயனியிலிருந்து மின்னூட்டம் மாறுவதே அதற்குக் காரணம் என்று விளக்குவார்கள். மாதிரிக்கு மாதிரி கார்பன் அளவு மாறினால், தரக் கரைசல் உட்பட எல்லாவற்றிலும் 2 சதவீத ஐசோபுரோபனால் சேர்த்து ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

ஆக்சைடை எதற்காக இவ்வளவு கவனிக்கிறோம்? மாலிப்டினம்-95 ஆக்சிஜனோடு சேர்ந்து காட்மியம்-111 ஆகத் தெரியும். டைட்டானியம்-47 செம்பு-63 ஆகவும், பேரியம்-135 யூரோப்பியம்-151 ஆகவும், பிரசியோடைமியம் கடோலினியம்-157 ஆகவும் வேடம் போடும். நிறை 16 தாவிய இந்த அயனிகளைக் குவாட்ரூபோலால் பிரிக்க முடியாது. மறுபக்கம், அருமண் உலோகங்கள் நிறைந்த மண்ணில் நியோடைமியம்-150, சமாரியம்-150 இரண்டும் இரட்டை மின்னூட்டத்தோடு நிறை 75-இல் வந்து ஆர்சனிக்காகக் காட்சி தரும். ஹீலியம் செல்லால் இதை நீக்க முடியாது. அப்படிப்பட்ட மாதிரிக்கு ஆக்சைடை 1 சதவீதத்துக்கு இறக்கும் ஆசையில் பிளாஸ்மாவை மேலும் சூடாக்குவது தவறு.

வழக்கத்துக்கு மாறான பிளாஸ்மாக்கள்

இரும்பு-56, கால்சியம்-40, பொட்டாசியம்-39 ஆகியவற்றை மிகத் தூய வேதிப்பொருளில் அளக்க 600 வாட் அளவிலான குளிர் பிளாஸ்மா பயன்படும். ஆர்கான் அயனிகளும் ஆர்கான் ஆக்சைடும் அதில் அடங்கிப்போகும். ஷீல்டு டார்ச் கட்டாயம். ஆனால் உப்புள்ள எந்த மாதிரியையும் அதில் நம்ப வேண்டாம்: மேலே சொன்ன வெப்பநிலைச் சிக்கல்கள் அனைத்தும் அங்கே பன்மடங்கு.

கரிமக் கரைப்பான் ஓட்டும்போது 1.0 அல்லது 1.5 மி.மீ. உள்விட்டமுள்ள இன்ஜெக்டரும், பிளாட்டினம் கோனும், கொஞ்சம் ஆக்சிஜனும் வேண்டும். ஆக்சிஜன் அளவைக் கண்ணாலேயே பிடிக்கலாம்: நடுத்தடத்தின் அடியில் கார்பன் மூலக்கூறின் பச்சை ஒளி தெரியும்; அது சுருளுக்குள் பின்வாங்கி, கோன் பக்கத்தில் மறையும் வரை மட்டும் ஆக்சிஜனைக் கூட்டுங்கள். குறைந்தால் கோனில் கரி. கூடினால் கோனே எரியும்.

திடப்பொருளை லேசரால் துகளாக்கி அனுப்பும் லேசர் அப்லேஷனில் நீர் இல்லாததால் சீரியம் ஆக்சைடு தானாகவே மிகத் தாழ்வாக இருக்கும். தோரியம் ஆக்சைடையும், யுரேனியம்–தோரியம் விகிதத்தையும் பாருங்கள். என்ஐஎஸ்டி 612 என்ற தரக் கண்ணாடியில் இரண்டின் செறிவும் ஏறக்குறைய சமம் என்பதால் விகிதம் 1-ஐ நெருங்க வேண்டும். விலகினால் துகள்கள் முழுதாக ஆவியாகவில்லை.

அறிகுறியும் காரணமும்

ஆக்சைடு ஏறி, எண்ணிக்கையும் ஏறியிருந்தால் நெபுலைசர் வாயு கூடியிருக்கிறது அல்லது பெல்ட்டியர் நின்றிருக்கிறது. ஆக்சைடு ஏறி எண்ணிக்கை விழுந்தால் துளை அடைப்பு, டார்ச் விலகல், காற்றுக் கசிவு என்ற வரிசையில் பாருங்கள். கசிவென்றால் நைட்ரஜன் அயனிகளின் பின்னணியும் கூடவே ஏறியிருக்கும்.

ஆக்சைடும் இரட்டை மின்னூட்டமும் ஒருசேர ஏறினால் குழம்பிவிடாதீர்கள். ஒன்று குளிரையும் மற்றது சூட்டையும் குறிப்பதால் திறனையோ வாயுவையோ திருகிப் பயனில்லை. ஷீல்டு தொடர்பு விட்டுப்போய் இரண்டாம் மின்னிறக்கம் வந்திருக்கலாம்; அல்லது நெபுலைசர் நுனி சிதைந்து பெரிய துளிகள் போய், ஆவியாகாத ஒவ்வொரு துளியைச் சுற்றியும் குளிர்ந்த பொட்டும், துளிகள் இல்லாத இடைவெளியில் மிகச் சூடான பிளாஸ்மாவும் மாறி மாறிக் கோனுக்கு வரலாம். ஷீல்டைச் சுத்தம் செய்தும் மாறாவிட்டால் நெபுலைசரை மாற்றிப் பாருங்கள். இரண்டாவதில் எண்ணிக்கையின் சிதறலும் கூடியிருக்கும். பத்து அளவீட்டின் விலகல் 3 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகம் அந்தப் பக்கம்.

யுரேனியம் நன்றாக இருந்து லித்தியம் மட்டும் சரிந்தால் ஸ்கிம்மர் நுனியையும் முதல் லென்ஸையும் பாருங்கள். லித்தியம் நன்றாக இருந்து யுரேனியம் சரிந்தால் பிளாஸ்மாவை மாற்றிவிட்டு லென்ஸை மறந்திருக்கிறீர்கள்.

வரிசை ஓட ஓட உள்தரம் மெல்ல இறங்கினால் கோனில் உப்பு படிகிறது. கரைந்த திடப்பொருள் 0.2 சதவீதத்துக்கு மேல் போகாமல் நீர்த்துக்கொள்ளுங்கள். ஆழத்தை 1 அல்லது 2 மி.மீ. கூட்டுங்கள். சுத்தம் செய்த புதுக் கோனில் முதல் சில மாதிரிகள் வேகமாக இறங்கி அப்புறம் நிலைபெறுவது இயல்பு: மெல்லிய படிவம் ஒன்று உருவாகும் வரை அப்படித்தான் இருக்கும். அதனால் அளவீட்டு வரைகோட்டைப் போடும் முன் அன்றைய மாதிரி ஒன்றையே அரை மணி நேரம் உறிஞ்சவிடுங்கள்; ஆட்டம் நின்ற பிறகு தரக் கரைசல்களைக் கொடுங்கள்.